வாய் கட்டிய குருத்து

மரம் மட்டை, மாடு கன்று எல்லாவற்றுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலைக்குக் கீழே, கணவாய்க் காற்று நேராக வந்து மோதுகிற ஒரு மேட்டில் பூவாத்தாவும் அவள் புருஷன் மாரப்பனும் குடியிருந்தார்கள். அவர்களுக்குச் செல்லாத்தா என்று ஒரே பெண்குழந்தை. செவலை என்று ஒரு பசு. வீட்டை ஒட்டிக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. அவரைப் பந்தலும் கத்தரிச் செடிகளும் ஒரு முருங்கையும்தான் அதில் உண்டு.

ஆடி பிறந்துவிட்டால் அந்த மேட்டில் நிம்மதி கிடையாது. காற்று கூரையைக் கற்றை கற்றையாகப் பிய்த்துக்கொண்டு போகும். காலையில் எழுந்து பார்த்தால் அவரைப் பந்தல் பக்கத்துக் காட்டில் குப்புறக் கிடக்கும். முருங்கை கிளை கிளையாக முறிந்து, "என்னை எதுக்குத்தான் இங்கே கொண்டாந்து வெச்சீங்களோ" என்று நாளெல்லாம் புலம்பும். ஒரு வருஷம் கூரையின் பாதி போனபோது மாரப்பன் சொன்னான், "இதுக்கு மூங்கிலைத்தான் கேக்கோணும் புள்ளே. வேற யாராலும் இந்தக் காத்தை நிறுத்த முடியாது."

இரண்டு பேரும் ஓடைக்கரைக்குப் போனார்கள். அங்கே முள்மூங்கில் ஒருத்தி தன் பிள்ளைகளோடு அடர்ந்து நின்றாள். மாரப்பன் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னான்.

தாய்மூங்கில் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்துவிட்டு, "வரேன்" என்றாள். "காத்தைத் தடுக்கறது எனக்குப் பெரிய வேலை இல்ல. ஆனா இப்பவே சொல்லிப்போடறேன். எங்களுக்கு நிக்கத் தெரியாது. மேலே பாத்தா நிக்கற மாதிரி இருக்கும், மண்ணுக்கடியில நடந்துக்கிட்டே இருப்போம். அதனால என்னைச் சுத்தி இடுப்பளவு பள்ளம் வெட்டோணும். பள்ளத்துக்கு உள்ளே, மூணு வருஷம் முத்துனதை வருஷா வருஷம் அறுத்து வெளியே எடுத்துப்போடோணும். காஞ்சதை நிக்க விடவே கூடாது. ஆடியில குருத்து விடும். பள்ளத்தைத் தாண்டி எது வந்தாலும், முழ உசரம் ஆகறதுக்குள்ள வெட்டிப்போடோணும்."

இடுப்பில் செல்லாத்தாவை வைத்துக்கொண்டு நின்ற பூவாத்தாவுக்கு அது கேட்கவே என்னவோ போலிருந்தது. "அதெல்லாம் உங்க குழந்தைங்களாச்சேக்கா. வெட்டுனா வலிக்காதா?"

"வலிக்கும். அதுக அழுகவும் செய்யும். அழுகறதைக் காதுல வாங்காத ஆளா பாத்து அந்த வேலையைக் குடு அம்மிணி."

மாரப்பன் கிழங்கோடு அவளைப் பெயர்த்து வந்து தோட்டத்தின் மேற்கு மூலையில் நட்டான். சொன்னபடியே சுற்றிலும் இடுப்பளவு பள்ளம் வெட்டினான். மூன்று மழைக்காலம் போனதும் அந்த மூலையில் பச்சைச் சுவர் எழுப்பியது போல ஆகிவிட்டது. காற்று அதில் வந்து மோதி, மேலே ஏறிப் போய்விட்டது. கூரை கூரையாக இருந்தது. அவரை காய்த்துக் கொட்டியது. முருங்கையும் புலம்பலை நிறுத்தியது.

பள்ளத்தைத் தாண்டி வந்த குருத்துகளை ஆடிதோறும் மாரப்பன்தான் வெட்டினான். அந்த நாளில் பூவாத்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். மாரப்பன் அன்று சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே படுத்துக்கொள்வான். அவளும் எதையும் கேட்டதில்லை.

நான்காவது வருஷம் பங்குனியில் செல்லாத்தாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து வயதுக் குழந்தை. மூன்றே நாள்தான். மூன்றாம் நாள் மத்தியானம், "அம்மா, தண்ணி" என்றாள். பூவாத்தா செம்பை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் கண் நிலைகுத்திவிட்டது. மாரப்பன் தன் கையாலேயே குழி வெட்டி, தன் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினான்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. வைகாசியில் கூரை மேயும்போது மாரப்பன் கால் தவறிக் கீழே விழுந்தான். இடுப்பு முறிந்தது போல ஆகிவிட்டது. ஒரு மாதம் பாயில் கிடந்தான். எழுந்த பிறகும் கோல் ஊன்றித்தான் நடக்க முடிந்தது. குனிய முடியவில்லை.

ஆடி வந்தது. மழை பெய்தது. மாரப்பன் கொடுவாளை எடுத்து அவளிடம் நீட்டினான். "இந்த வருஷம் நீதான் போகோணும் புள்ளே. கண்ணை மூடிக்கிட்டு வெட்டிட்டு வந்துரு."

பூவாத்தா போனாள். பள்ளத்துக்கு வெளியே நான்கு குருத்துகள் வந்திருந்தன. அந்தக் காலத்தில் மூங்கில் குருத்து மூடாக்கு எதுவும் இல்லாமல், வெளிறின பச்சையில், பிறந்த குழந்தையின் விரல் போல மழமழவென்று இருக்கும். முதலாவதை அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் வெட்டினாள். அது ஒரு சின்ன வீறலோடு அடங்கிப்போயிற்று. இரண்டாவதையும் மூன்றாவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். நான்காவது, சமையல்கட்டுச் சுவருக்குப் பக்கத்தில், செவலையைக் கட்டுகிற மாட்டுச் சாளைக்குப் போகிற வழியின் ஓரத்தில் இருந்தது. அவள் கொடுவாளை ஓங்கும்போது அது, "அம்மா" என்றது.

அது கூப்பிட்டது பள்ளத்துக்கு உள்ளே நின்ற தன் தாயை. ஆனால் அதைக் கேட்டவள் பிள்ளையைக் குழிக்குக் கொடுத்து நான்கு மாதம்கூட ஆகாதவள். அவள் கை இறங்கவில்லை. உட்கார்ந்து அந்தக் குருத்தைத் தடவிக் கொடுத்தாள். ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. அது அவள் கையில் சாய்ந்துகொண்டு, "அம்மா, என்னை வெட்டிப்போடாதே" என்றது.

"இல்ல சாமி, வெட்ட மாட்டேன்" என்றாள் பூவாத்தா. கோழி கவிழ்க்கிற கூடையை எடுத்து வந்து அதன் மேல் கவிழ்த்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் பள்ளத்து ஓரம் போனபோது தாய்மூங்கில் கூப்பிட்டாள். "அம்மிணி, மூணுதான் வலிச்சுது. நாலாவது என்ன ஆச்சு?"

பூவாத்தா சமையல்கட்டுப் பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்ட எதுக்கு மறைக்கறே? அது என்ற வேரு. கூடை போட்டு மூடினா எனக்குத் தெரியாதா?"

பூவாத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, நீங்க வருஷா வருஷம் பத்தும் பதினஞ்சும் பெக்கறீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அதுவும் போயிருச்சு. இந்த ஒண்ணை எனக்குக் குடுங்க. ஒண்ணே ஒண்ணு."

தாய்மூங்கில் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அவளும் பெற்றவள். பள்ளத்துக்கு வெளியே போன பிள்ளை ஒன்றுகூட இதுவரை பிழைத்ததில்லை. "ஒண்ணு மட்டும்தானே" என்றாள்.

"ஒண்ணு மட்டும்தான்க்கா."

குருத்து நாளுக்கு ஒரு சாண் வளர்ந்தது. பத்தே நாளில் கூடை அதன் தலையில் தொப்பி மாதிரி தொங்கிற்று. பூவாத்தா அதைக் காலையில் கழுவிவிட்டாள், மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். ஒருநாள் "செல்லாத்தா" என்று கூப்பிட்டாள். அது "என்னம்மா?" என்று கேட்டது. அதற்குப் பிறகு அதுவே பெயராகிவிட்டது.

மாரப்பன் ஒருநாள் கோலை ஊன்றிக்கொண்டு வந்தவன் அந்தப் பெயரைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான். யாரைக் கூப்பிடுகிறாள் என்று பார்த்தான். ஆள் உயரம் வளர்ந்த மூங்கில், வழியை ஒட்டி நின்றது. அவன் உள்ளே போய்க் கொடுவாளோடு வந்தான்.

பூவாத்தா குறுக்கே நின்றாள். "ஏனுங்க, ஒருக்கா உங்க கையாலயே மண்ணு தள்ளி மூடுனீங்க. அது போதாதுங்களா?"

மாரப்பனுக்கு முகம் கோணிற்று. கொடுவாளைச் சுவரோரம் போட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் அதை வெட்டச் சொல்லி அவன் கேட்கவே இல்லை. ஆனால் சில நாள் மாலையில் அந்த மூங்கிலுக்குப் பக்கத்தில் கோலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பூவாத்தா பார்த்திருக்கிறாள்.

அடுத்த ஆடியில் அந்த ஒன்றைச் சுற்றி ஏழு குருத்துகள் வந்தன. அவற்றை வெட்டினால் தனக்கு வலிக்கும் என்று செல்லாத்தா மூங்கில் அழுதது. பூவாத்தா வெட்டவில்லை. அதற்கு அடுத்த ஆடியில் எத்தனை வந்தன என்று யாரும் எண்ணவில்லை. தோட்டம் முழுக்க, "அம்மா, அம்மா" என்று சத்தம். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். உலையில் அரிசி குழைந்துபோகும்.

கத்தரிக்கு வெயில் படவில்லை. "எங்களுக்கு வெளிச்சம் வேணும்" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டுச் செடிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. அவரைக் கொடி ஒருநாள் பேச்சை நிறுத்திக்கொண்டது. மாட்டுச் சாளையின் மூன்று பக்கமும் முள்மூங்கில் அடைத்துக்கொண்டது. மீதி இருந்த ஒரு வழியும், செல்லாத்தா மூங்கில் நின்ற இடத்தில், ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்குச் சுருங்கிற்று. முள் கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றன.

செவலை ஒருநாள் பால் கறக்கும்போது சொன்னது, "பூவாத்தா, என் குளம்புக்கடியில என்னமோ முட்டுது. படுத்தா வயித்துல குத்துது. இங்கேருந்து என்னை அவுத்துட்டுப் போயிரு."

"எங்கே கொண்டுபோறது? இரு, முளைக்குச்சியை மாத்தி அடிக்கறேன்" என்று சொல்லி, அதைச் சாளையின் இன்னும் உள்பக்கம் கட்டினாள்.

இலைச்சருகு முழங்கால் அளவு கிடந்தது. முற்றிக் காய்ந்த மூங்கில்கள் விழ இடமில்லாமல் பச்சை மூங்கில்கள் மேல் சாய்ந்து நின்றன. மாரப்பன் மாசி மாதத்தில் ஒருதடவை கெஞ்சுகிற மாதிரி கேட்டான். "பச்சையை விட்டுரு புள்ளே. காஞ்சதையாவது எடுத்துப்போடலாம். அன்னைக்கு ஓடைக்கரையில அது சொன்னது உனக்கு ஞாபகம் இல்லையா?"

பூவாத்தா காய்ந்த ஒன்றைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அது என் மேல சாஞ்சிருக்குது. இழுத்தா முள்ளு என்னைக் கிழிக்குது" என்று செல்லாத்தா மூங்கில் கத்திற்று. அவள் கையை எடுத்துவிட்டாள்.

பங்குனி கடைசியில் ஒரு மத்தியானம் வறண்ட காற்று கிளம்பியது. பூவாத்தா தண்ணீருக்கு ஓடைக்குப் போயிருந்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது மேட்டின் மேல் புகை தெரிந்தது. அடுப்புப் புகைதானே என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

காய்ந்த மூங்கிலும் காய்ந்த மூங்கிலும் காற்றில் உரசி உரசி, எங்கேயோ ஒரு பொறி சருகில் விழுந்திருந்தது. அவள் மேடு ஏறும்போதே கணுக்கள் ஒவ்வொன்றாக வெடிக்கிற சத்தம் கேட்டது. தோட்டத்தின் தென்பக்கம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. "அம்மா, சுடுது" என்று நூறு வாய் ஒரே நேரத்தில் கத்தியது. முருங்கை எரிந்து முடிந்திருந்தது.

"ஏனுங்க! ஏனுங்க!"

"புள்ளே, இங்கே இருக்கறேன்!" மாரப்பனின் குரல் சாளைக்குள்ளிருந்து வந்தது. பசுவை அவிழ்த்துவிட உள்ளே போயிருக்கிறான். அவன் உள்ளே நுழைந்த பிறகு, காய்ந்த மூங்கில் நான்கைந்து வாசலில் சரிந்து வழியை அடைத்துவிட்டன. முள் கிளை பின்னிக்கொண்டு, கம்பளம் விரித்துத் தொங்கவிட்டது போல நின்றது. அதற்கு அந்தப் பக்கம் அவன் தலைத்துண்டு மட்டும் தெரிந்தது. செவலை கதறிக்கொண்டிருந்தது.

"கொடுவாள் சுவரோரம் கிடக்குது பாரு! எடு! எல்லாம் அந்த நடு மூங்கில்லதான் மாட்டிக்கிட்டு நிக்குது. அதை வெட்டு. அது விழுந்தா மொத்தமும் விழுந்துரும், நான் வந்துருவேன்!"

அந்த நடு மூங்கில் செல்லாத்தா.

பூவாத்தா கொடுவாளை எடுத்தாள். ஓங்கினாள். மூங்கில் அவளைப் பார்த்து, "அம்மா, என்னை வெட்ட மாட்டேன்னு சொன்னியே" என்றது. செத்துப்போன குழந்தையின் குரல் அது இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கை மேலேயே நின்றுவிட்டது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. ஒரு வாய் தண்ணீரை விழுங்குகிற நேரம், அவ்வளவுதான். "வெட்டு புள்ளே!" என்று மாரப்பன் கத்தினான். சாளையின் கூரை தீயோடு உள்ளே இறங்கிற்று.

அதற்குப் பிறகுதான் அவள் வெட்டினாள். ஒரே வெட்டு. மூங்கில் விழுந்தது, பின்னிக்கொண்டு நின்றதெல்லாம் அதோடு சேர்ந்து விழுந்தது, வழி திறந்துகொண்டது. அந்த வழியாக யாரும் வரவில்லை.

செல்லாத்தா மூங்கில் தரையில் கிடந்து கொஞ்ச நேரம், "அம்மா" என்றது. பூவாத்தா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அடுத்ததை வெட்டினாள். தீ பிடித்ததையும் வெட்டினாள், பிடிக்காததையும் வெட்டினாள். ஒவ்வொன்றும் "அம்மா" என்று அழுதது. கை கொப்பளித்து, கொப்புளம் உடைந்து, கொடுவாளின் பிடி வழுக்கிற்று. பொழுது சாயும்போது தோட்டத்தில் வெட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

பள்ளத்துக்கு உள்ளே மட்டும் தீ போகவில்லை. பள்ளம் தடுத்துவிட்டது. தாய்மூங்கில் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் பச்சையாக நின்றுகொண்டிருந்தாள்.

மாரப்பனைக் குழந்தையின் குழிக்குப் பக்கத்தில் புதைத்தாள் பூவாத்தா. மூன்றாம் நாள் காலை அதே கொடுவாளோடு பள்ளத்தை இறங்கிக் கடந்து தாய்மூங்கிலின் முன்னால் போய் நின்றாள்.

"வெட்டு அம்மிணி" என்றாள் தாய்மூங்கில். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ ஒண்ணு மட்டும்னு கேட்டப்ப, முடியாதுன்னு நான் சொல்லியிருக்கோணும். எனக்கும் ஆசை வந்துருச்சு. என்ற புள்ள ஒண்ணாவது வெளியே போய் உசந்து நிக்கட்டுமேன்னு நெனச்சேன்."

பூவாத்தா கொடுவாளைப் பிடித்தபடியே நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. "அது கூப்புட்டுச்சுக்கா" என்றாள். "அம்மான்னு கூப்புட்டுச்சு. வாய் மட்டும் இல்லாம இருந்திருந்தா அன்னைக்கே வெட்டியிருப்பேன். தொட்டப்ப அவ்வளவு மெதுவா இல்லாம இருந்திருந்தாலாவது வெட்டியிருப்பேன். அவரும் இருந்திருப்பாரு. செவலையும் இருந்திருக்கும்."

"இனிமே கூப்புடாது" என்றாள் தாய்மூங்கில். "வர்ற ஆடியில வந்து பாரு."

பூவாத்தா அவளை வெட்டவில்லை. காற்று வருமே என்று நினைத்தாளோ, வெட்டி வெட்டி அலுத்துப்போனாளோ தெரியாது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தாய்மூங்கில் அந்தச் சித்திரையும் வைகாசியும் ஆனியும் மண்ணுக்கடியில் வேலை செய்தாள். தன் உடம்பின் தோலையே உரித்து உரித்து, பிறக்கப்போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உறை செய்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக, தலை முதல் கால் வரை, வாயும் கண்ணும் தெரியாமல் சுற்றினாள். அது போதாது என்று உறைக்கு வெளியே கறுப்பாகச் சுணை வைத்தாள், எந்தக் கையும் அதைத் தடவிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக. உள்ளே பிள்ளைகள், "மூச்சு முட்டுதும்மா" என்று சொன்னபோது அவள், "பேசாதே சாமி" என்று சொல்லி இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

ஆடியில் மழை பெய்தது. கருகிய மண்ணில், பள்ளத்துக்கு வெளியே, ஒரு குருத்து வந்திருந்தது. பூவாத்தா கொடுவாளோடு போய் அதன் முன்னால் குந்தினாள். காதை அருகில் கொண்டுபோனாள். சத்தம் எதுவும் இல்லை. இடது கையால் ஒருதடவை தொட்டாள். சுணை உள்ளங்கை முழுக்க ஏறித் தீயாக அரித்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டே வெட்டினாள்.

வெட்டிய குருத்தின் உறை நுனியில் லேசாக விரிந்திருந்தது. விலக்கிப் பார்க்கலாமா என்று தோன்றியது. பார்க்கவில்லை. அதைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, வேறு எங்காவது வந்திருக்கிறதா என்று தோட்டத்தைச் சுற்றி நடந்தாள்.

மூங்கில் குருத்து தலையோடு காலாக உறை மூடிக்கொண்டு, தொட்டவர் கையெல்லாம் அரிக்கிற சுணையோடு பிறப்பது அந்த ஆடியிலிருந்துதான். வீட்டோரம் மூங்கில் வைக்கிறவர்கள் முதலில் பள்ளத்தை வெட்டிவிட்டு அப்புறம் கிழங்கை நடுவதும், பள்ளம் தாண்டி வந்ததை முழ உயரத்துக்குள் பேசாமல் வெட்டிப்போடுவதும் அன்று முதல்தான். வெட்டுக்குத் தப்பி வளர்ந்த மூங்கிலுக்கு அந்த உறை கணுக் கணுவாகத் தானே கழன்று விழும். அதற்குள் அதற்குப் பேச்சு மறந்துபோயிருக்கும். காற்று அடிக்கும்போது ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு முனக மட்டும்தான் தெரியும்.